வெளிவட்டத்தில் மூன்று பேர்

கல்யாணமான முதல் நாலு மாதத்தில் என் கணவர் என்னோடு பேசியது மிகக் கொஞ்சம். கோபம் என்றோ பிடிக்கவில்லை என்றோ இல்லை. பேச இடம் இல்லை, அவ்வளவுதான். பாலக்காட்டில் ஆற்றங்கரை அக்ரஹாரங்களைக் கிராமம் என்றுதான் சொல்வார்கள். டவுனுக்குள்ளேயே இருக்கும், ஆனாலும் கிராமம். அப்படி ஒரு கிராமத்தில், இரண்டு பக்கமும் அடுத்த வீடுகளின் சுவரோடு ஒட்டிக்கொண்டு, வாசலிலிருந்து கொல்லை வரைக்கும் ரயில்பெட்டி போல நீண்டு கிடந்த வீடு அது. ஒவ்வொரு அறையும் அடுத்த அறைக்கு வழி. மூத்த மைத்துனர், ஓரகத்தி, அவர்கள் குழந்தைகள், மாமனாரின் அண்ணா ஒருவர், மாமியார் என்று மொத்தம் பதினோரு பேர். கதவைச் சாத்தினால் யாராவது ஒருவருக்குப் போகவர வழி அடைபடும். அதனால் யாரும் கதவைச் சாத்துவதில்லை.

நான் கோயமுத்தூரில் பிறந்து வளர்ந்தவள். ஐம்பத்தைந்தாம் வருஷம் இந்த வீட்டுக்கு வந்தபோது எனக்கு இருபது வயது. நான் பேசினால் குழந்தைகள் சிரிக்கும். அவர்கள் பேசினால் பாதி எனக்குப் புரியாது. தமிழுக்கு நடுவே மலையாளம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். என் கணவர் தாலூகா ஆபீஸில் குமாஸ்தா. காலையில் போனால் நாலரைக்கு வருவார். காப்பி டம்ளரை நான் வைப்பேன், அவர் எடுப்பார். அதற்குள் நாலு பேர் எங்களைத் தாண்டிப் போயிருப்பார்கள்.

ஒருநாள் அவர் பள்ளிக்கூடத்து சிநேகிதரான டாக்டர், வீட்டில் யாருக்கோ ஜுரம் என்று பார்க்க வந்தார். போகிற போக்கில் என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். ரத்தம் போதாது என்றார். மருந்து ஒன்றும் வேண்டாம், தினம் சாயங்காலம் ஒரு மணி நேரம் திறந்த வெளியில் நடக்க வேண்டும், பார்க்குக்குக் கூட்டிப் போனால் நல்லது என்று மாமியாரிடம் சொல்லிவிட்டுப் போனார். அது என் கணவர் சொல்லிக்கொடுத்த மருந்து என்று எனக்கு அப்போது தெரியாது. பார்க்குக்குப் போன முதல் நாளே அவர் அதை ஒப்புக்கொண்டார். அப்படி ஒரு காரியம் செய்யக்கூடிய மனுஷர் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மாமியாருக்கு டாக்டர் வாக்கு வேதவாக்கு. ஐந்து மணி அடித்ததும் கூடத்திலிருந்து குரல் வரும். "அஞ்சாச்சு. கிளம்புங்கோ ரெண்டு பேரும். விளக்கு வைக்கறதுக்குள்ளே வந்துடணும்."

பார்க் கோட்டைப் பக்கம் இருந்தது, வீட்டிலிருந்து அரை மைல். எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் துரை தன் கையாலேயே வரைபடம் போட்டு அமைத்தது என்று சொல்லிக்கொள்வார்கள். இரும்புக் கதவைத் தாண்டினால் நேராக ஒரு செம்மண் சரளைப் பாதை, இரண்டு பக்கமும் சுண்ணாம்பு அடித்த செங்கல் வரிசை. நடுவில் எட்டுத் தூண் வைத்த மேடை. முன்னே பாண்டு வாசித்த இடமாம், எங்கள் காலத்தில் அதில் காக்கைகள்தான். அந்த மேடையிலிருந்து பாதைகள் சக்கரத்துக்கு ஆரங்கால் போட்டது போல எல்லாப் பக்கமும் பிரிந்து போகும். எல்லாம் போய்ச் சேருகிற இடம் வெளிவட்டப் பாதை. அதுதான் பெரியது. அதன் ஓரம் முழுக்கத் தூங்குமூஞ்சி மரங்கள், நாலு பேர் கைகோத்தாலும் சுற்றி வளைக்க முடியாத அடிமரங்கள். ஐந்தரை மணிக்கு அவற்றின் இலைகள் ஒவ்வொன்றாக மடங்க ஆரம்பிக்கும். தெற்கு மூலையில் ஒரு நாகலிங்க மரம். பூ விழுந்த இடமெல்லாம் வாசனை. மார்கழி தையில் கிழக்கே கணவாயிலிருந்து காற்று கிளம்பினால் மரங்கள் கடல் மாதிரி இரையும், பேசுவது காதில் விழாது. எங்களுக்கு அதுவும் பிடித்திருந்தது.

வெளிவட்டத்தில்தான் நாங்கள் நடப்போம். என் கணவர் பேசத் தொடங்கினால் நிறுத்தாத மனிதராக இருந்தார். ஆபீஸில் நடந்தது, படித்த புஸ்தகம், சின்ன வயதில் ஆறு அடித்துக்கொண்டு போகப் பார்த்தது, எல்லாம். நாலு மாதம் சேர்த்து வைத்திருந்தவர் மாதிரிப் பேசினார். மூன்றாவது சுற்றில்தான் என் முறை வரும். வீட்டுக்குத் திரும்பும்போது கிராமத்துத் தெருமுனை வந்ததும் அவர் இரண்டு அடி முன்னால் நடக்க ஆரம்பித்துவிடுவார். நானும் பேச்சை நிறுத்திவிடுவேன்.

இப்படி ஐந்தாறு மாதம் போயிற்று. என் கன்னத்தில் ரத்தம் ஏறியிருப்பதாக எல்லாரும் சொன்னார்கள். அதுதான் வினையாகப் போயிற்று. மாமியாருக்குக் காலில் நீர் கோத்து வீக்கம் கண்டது. அதே டாக்டர் வந்து பார்த்தார். அவர் வாயைத் திறக்கும் முன்பே மாமியார் கேட்டார்: "இவளுக்கு நடந்து நன்னாயிருக்கு. நானும் நடக்கட்டுமா?" டாக்டர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் தரையைப் பார்த்தார். நடக்கலாம் என்று சொல்வதைத் தவிர அந்த மனிதருக்கு வேறு வழியில்லை.

மாமியாருக்கு அப்போது ஐம்பது வயது ஆகவில்லை. மாமனார் போய் ஆறு வருஷம். நார்மடிப் புடவை கட்டிக்கொண்டு, தலையை இழுத்து மூடிக்கொண்டு, கோவிலையும் ஆற்றையும் தவிர எங்கும் போகாதவர். அவர் பார்க்குக்குக் கிளம்பினதைத் தெருவே வாசலில் நின்று பார்த்தது. எனக்கோ அழுகை வந்தது. ஊரார் பார்ப்பதற்காக இல்லை. என் ஒரு மணி நேரம் போயிற்றே என்றுதான்.

முதல் நாள் அவருக்குப் பார்க்கில் எப்படி நடப்பது என்று தெரியவில்லை. ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, கோவிலில் செய்வது போல அதை வலமாகச் சுற்றினார். ஒன்பது சுற்று ஆனதும் கை கூப்பிவிட்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தார். நாங்கள் நடப்பது போல நடக்க அவருக்குக் கூச்சம். அதனால் நாங்கள் வெளிவட்டத்தில் நடப்பது, அவர் வாசலை ஒட்டிய பெஞ்சில் உட்கார்ந்திருப்பது என்று இரண்டாவது வாரத்திலேயே ஒரு ஏற்பாடு தானாக அமைந்தது.

அந்த பெஞ்சில் தினமும் இன்னொருத்தி உட்காருவாள். ரயில்வே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற ஆங்கிலோ இந்திய அம்மாள். கணுக்கால் வரை கவுன், தலையில் வைக்கோல் தொப்பி, மடியில் கம்பளி நூல் பந்து. அறுபது வயதுக்குக் குறையாது. மாமியார் அவளைத் துரைசானி என்பார். முதலில் பெஞ்சின் இந்தக் கோடியில் இவர், அந்தக் கோடியில் அவள். நடுவில் மூன்று பேர் உட்காரலாம். நாளாக ஆக அந்த இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. துரைசானிக்கு ரயில்வே காலனித் தமிழ், யாரையும் நீ என்று பேசுகிற தமிழ். மாமியாருக்கு அது குற்றமாகப் படவில்லை. இத்தனை வருஷத்தில் தன்னை நீ என்று சமமாகக் கூப்பிட யாரும் இல்லாமல் போனதால் அது பிடித்ததோ என்னவோ. வீட்டுக்கு வந்ததும் கிணற்றடியில் தலையோடு நீர் விட்டுக்கொண்டுதான் உள்ளே வருவார். வந்து, துரைசானி சொன்னதையெல்லாம் என்னிடம் சொல்வார். அவள் மகன் சீமையில் வேலை பார்க்கிறானாம். அவளும் கப்பலேறிப் போகப்போகிறாளாம். பதினேழு நாள் தண்ணீரைத் தவிர எதையும் பார்க்க முடியாதாம்.

"அறுபது வயசாச்சு அவளுக்கு. பயம் இல்லையோன்னு கேட்டேன். கப்பல் ஓட்டறவனுக்குத்தானே பயம் இருக்கணும், எனக்கென்னன்னாள்," என்று ஒருநாள் சொல்லிவிட்டு வெகுநேரம் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஐம்பத்தாறாம் வருஷம் மழைக்காலத்தில் என் கணவர் ஆபீஸுக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. மலபார் புதிதாக அமையப்போகிற கேரள ராஜ்யத்தோடு சேரப்போகிறது. சென்னை ராஜ்யத்திலேயே வேலை பார்க்க விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று. எழுதிக் கொடுத்தால் கோயமுத்தூர்ப் பக்கம் போகலாம். இல்லாவிட்டால் இங்கேயே இருக்கலாம். இதை வீட்டில் பேச முடியாது. மூத்த மைத்துனர் காதில் விழுந்தால் குடும்பத்தை உடைக்கப் பார்க்கிறாள் கோயமுத்தூர்க்காரி என்றாகிவிடும். பார்க்கில்தான் பேச வேண்டும். பார்க்கிலோ பெஞ்சில் மாமியார்.

அதனால் சுற்றிச் சுற்றிப் பேசினோம். பெஞ்சைத் தாண்டியதும் பேச்சை ஆரம்பிப்போம். கோயமுத்தூரில் என்ன வேலை கிடைக்கும், எங்கே வீடு பார்ப்பது, இங்கே இருந்தால் மலையாளத்தில் கோப்பு எழுத வேண்டி வருமே, அது அவருக்கு வருமா. நாகலிங்க மரத்தைத் தாண்டுவதற்குள் சூடு பிடிக்கும். பெஞ்சு தெரிந்ததும் இருவரும் வாயை மூடிக்கொள்வோம். நான் மரத்தைப் பார்த்து, என்ன உயரம் பாருங்கோ என்பேன். அவர், ஆமாம் என்பார். பெஞ்சைத் தாண்டினதும் விட்ட இடத்திலிருந்து மறுபடி. ஒரு வாக்கியம் பாதியில் அறுந்து அடுத்த சுற்றில் முடிந்த நாட்கள் உண்டு. குடை பிடித்துக்கொண்டும் நடந்திருக்கிறோம்.

எனக்குப் போக வேண்டும் என்றுதான் இருந்தது. கோயமுத்தூரில் ஒரு சின்ன வீட்டை மனசுக்குள் கட்டி முடித்தே வைத்திருந்தேன். இரண்டு அறை, பின்னால் குழாயடி, சாத்தினால் சாத்தியபடி இருக்கிற கதவு. என் கணவருக்கும் மெல்ல மெல்ல ஆசை வந்துகொண்டிருந்தது.

இதற்கு நடுவே துரைசானி கிளம்புகிற நாள் வந்தது. அன்றைக்கு மழை இல்லை. நாங்கள் சுற்றிவரும்போது பார்த்தேன், அவள் எழுந்து நின்று மாமியாருக்குக் கை கொடுத்தாள். மாமியார் ஒரு நிமிஷம் தயங்கினார். பிறகு தன் இரண்டு கையாலும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் அடுத்த சுற்று முடித்து வரும்வரை விடவில்லை. அன்று வீட்டுக்கு வந்ததும் மாமியார் கிணற்றடிக்குப் போகாமல் நேராக உள்ளே வந்துவிட்டார். ஓரகத்தி என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். நான் எதுவும் தெரியாதவள் போல விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பெஞ்சில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். நாங்கள் இரண்டாவது சுற்றில் வந்தபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

"ரெண்டு மாசமா சுத்தறேளே, தீர்மானம் ஆச்சா?"

தெருவில் இன்னொரு வீட்டுப் பிள்ளையும் அதே ஆபீஸ்தான்; சுற்றறிக்கை விஷயம் அவன் அம்மா வழியாக மாமியாருக்கு எப்போதோ வந்து சேர்ந்திருந்தது. நாங்கள் ஒவ்வொரு தடவையும் பெஞ்சு வந்ததும் மரத்தைப் பார்த்ததையெல்லாம் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறார்.

"இன்னும் இல்லேம்மா," என்றார் என் கணவர்.

"கோயமுத்தூர்னு எழுது. நானும் வரேன்."

அவரே தொடர்ந்து சொன்னார்.

"பெரியவன்கிட்டே எனக்கு ஒரு குறையும் இல்லே. அவன் தங்கம். ஆனா பதினோரு வயசிலே இந்தாத்துக்கு வந்தேன். இத்தனை வருஷத்திலே மூணு தடவை ரயில்லே ஏறியிருக்கேன். மூணும் துக்கம் கேக்கப் போனது. ஒரு தடவையாவது வெறுதே ஏறணும்டா. ஊர் பாக்க."

வெறுதே என்றால் சும்மா, காரணம் ஒன்றும் இல்லாமல். அந்த மலையாள வார்த்தை எனக்கு அதற்குள் பழகியிருந்தது.

வீட்டுக்கு நடந்து வரும்போது என் கணவர் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. அம்மாவை விட்டுவிட்டுப் போகிறோம் என்ற உறுத்தல் அவருக்குத் தீர்ந்துவிட்டது. என் மனசுக்குள் இருந்த வீடு இடிந்து போயிற்று. அந்த இரண்டு அறையில் மாமியாருக்கு நான் இடம் விட்டிருக்கவில்லை. அவர் கெட்டவர் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் கதவைச் சாத்த வேண்டும் என்று ஏங்கி ஏங்கி அந்த வீட்டைக் கட்டினவள் நான். அவரும் வருகிறார் என்றால் எதற்காகப் போவது?

இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் நாகலிங்க மரத்தருகே நின்று, கோயமுத்தூர் வேண்டாம், இங்கேயே இருந்துவிடலாம் என்றேன். கூட்டுக் குடும்பத்தில் இருந்து பழகிவிட்டது, பிரிந்து போக மனசில்லை என்று ஏதேதோ சொன்னேன். என் கணவர் என்னை நேராகப் பார்த்தார்.

"யோசிச்சுத்தான் சொல்றயா?"

"ஆமாம்."

அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். அதற்காக என்னை ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. கோயமுத்தூர் என்று எழுதிக் கொடுக்காமல் விட்டுவிட்டார்.

மாமியாரிடம் பார்க்கில் வைத்துத்தான் சொன்னார். ஆபீஸ் நிலவரம், மலையாளம் கற்றுக்கொள்ளலாம், பென்ஷனுக்கு நல்லது என்று அவரும் ஏதேதோ அடுக்கினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மாமியார், "சாரமில்லே," என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். பிறகு எழுந்து, தலைத் துணியைச் சரிசெய்துகொண்டு, முதல் தடவையாக வெளிவட்டப் பாதையில் தனியாக நடக்க ஆரம்பித்தார். நாங்கள் இருவரும் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நார்மடி மரங்களுக்கு நடுவே மறைவதும் தெரிவதுமாகப் போயிற்று. மூன்று சுற்று நடந்தார். எங்களைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எங்கள் பக்கம் திரும்பவில்லை. அந்த அரைமணி நேரத்தில் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். ஆனாலும் எழுந்து போய் ஒன்றும் சொல்லவில்லை. இருபத்தோரு வயதில் அவ்வளவு தைரியம் எனக்கு இல்லை.

நவம்பரில் ராஜ்யம் மாறியது. பார்க்கில் ஒன்றும் மாறவில்லை. அடுத்த வருஷம் எனக்குப் பெண் பிறந்தாள். பார்க்குக்குப் போவது எனக்கு நின்றுபோயிற்று. மாமியார் மட்டும் விடவில்லை. கால் வீக்கம் எப்போதோ வடிந்துவிட்டது. கிராமத்தில் இரண்டு பேர் மைத்துனரிடம் வந்து, தலை மூடினவள் தனியாகப் பார்க்குக்குப் போவது அழகா என்று கேட்டார்கள். டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றார் மைத்துனர். அந்த ஒரு வார்த்தைக்கு எங்கள் வீட்டில் அவ்வளவு மதிப்பு. சாயங்காலம் திரும்பி வந்து, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பார்க் சமாச்சாரம் சொல்வார். மாமரத்தில் பூ வைத்துவிட்டது, மேற்கு மூலையில் ஒரு கிளை முறிந்து விழுந்து பாதையை அடைத்துவிட்டது, காலேஜுப் பெண்கள் நாலு பேர் வந்து உட்கார்ந்து பரீட்சைக்குப் படிக்கிறார்கள் என்று. எனக்கு அங்கே போகாமலே அங்கே இருப்பது போலத் தோன்றும். என்மேல் அவருக்கு வருத்தம் இருக்கிறதா என்று அந்த முகத்தில் தேடிப் பார்ப்பேன். ஒன்றும் பிடிபடாது.

ஐம்பத்தொன்பதில் என் கணவருக்குத் தேவிகுளத்துக்கு மாற்றல் வந்தது. மலை, குளிர், தேயிலை. போகாமல் இருக்க முடியாது. அன்றைக்குச் சாயங்காலமே மாமியார் பார்க்குக்குக் கிளம்பும்போது குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் கூடப் போனேன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு. மரங்கள் அப்படியேதான் இருந்தன. குழந்தை சுண்ணாம்புச் செங்கல்களைத் தொட்டுக்கொண்டே தத்தித் தத்தி நடந்தாள். பெஞ்சில் உட்கார்ந்ததும் சொன்னேன்.

"அம்மா, நீங்களும் தேவிகுளத்துக்கு வரணும்."

"அங்கே குளிருமேடி."

"குளிரும். ஆனா நீங்க வரணும். நான் கூப்பிடறேன்."

அவர் குழந்தையைப் பார்த்துக்கொண்டே, "வரேன்," என்றார்.

பொள்ளாச்சி வழியாக உடுமலைப்பேட்டை வரை ரயில், அங்கிருந்து மலையேற பஸ். ரயிலில் ஜன்னலோரம் அவருக்கு. கரி விழுந்து கண் கலங்கியபோதும் தலையை உள்ளே எடுக்கவில்லை. வழியில் வந்த ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் என் கணவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பஸ்ஸில் எங்கள் எல்லாருக்கும் தலைசுற்றியது. அவருக்கு மட்டும் ஒன்றும் இல்லை.

தேவிகுளத்து வீடும் இரண்டு அறைதான். கதவு சாத்தினால் சாத்திக்கொண்டது. பகலெல்லாம் அவர் வெளியிலேதான் இருந்தார். தேயிலைக்கு நடுவே போகிற பாதையில், இரவல் வாங்கின ஆண்பிள்ளைக் கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு நடப்பார். தெற்கத்திப் பக்கத்திலிருந்து வந்து கொழுந்து பறிக்கிற பெண்கள், "பெரியம்மா, இம்புட்டுத் தூரமா நடந்து வாரீக?" என்று கேட்பார்கள். அவர்களோடு நின்று பேசுவார். ஒருநாள் நானும் அவரும் அந்தப் பாதையோரப் பாறையில் உட்கார்ந்திருந்தோம். கீழே பஞ்சு மாதிரி மூடுபனி. நான் சொல்லிவிட்டேன்.

"அம்மா, அன்னிக்குக் கோயமுத்தூர் வேண்டாம்னு சொன்னது நான்தான். நீங்க வரேன்னு சொன்னதாலே."

அவர் கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டார்.

"தெரியும். அன்னிக்கே தெரியும். எங்க மாமியார் கூட வரேன்னு சொல்லியிருந்தா நானும் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்." காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "ஆனா அன்னிக்கு நடந்த மூணு சுத்தும் உன்னைத் திட்டிண்டேதான் நடந்தேன்," என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அவருக்குச் சிரிப்பு மட்டும்தான்.

அதற்குப் பிறகு பார்க்கைப் பற்றிப் பேசாத நாள் இல்லை. இங்கே எல்லாம் ஏற்றமும் இறக்கமுமாக இருக்கிறது, சமதளமாக ஒரு வட்டம் இல்லையே என்பார். நடு மேடையிலிருந்து எத்தனை பாதை பிரிகிறது என்று எங்களுக்குள் ஒரு வழக்கு வந்தது. நான் எட்டு என்றேன், அவர் ஏழு என்றார். ஆபீஸிலிருந்து வந்த என் கணவரைக் கேட்டோம். அவர் கால் அலம்பிக்கொண்டே, தான் உள்பாதை எதிலும் நடந்ததே இல்லை, வெளிவட்டம்தான் தெரியும் என்றார். மாமியார் விடவில்லை. அடுப்பங்கரையிலிருந்து ஒரு கரித்துண்டு எடுத்து வந்து, சிமெண்டுத் தரையில் வட்டம் போட்டு, மேடை, வாசல், பெஞ்சு, நாகலிங்கம் என்று ஒவ்வொன்றாகக் குறித்து, பாதைகளை எண்ணி எண்ணி இழுக்க ஆரம்பித்தார்.